நாலடிப் பலகையில் எண்ணூர் லைன்

17 நவம்பர் 1934, சனி

விடிந்ததிலிருந்து மழை. யார்டில் பாதி வேலை. நம்பர் புத்தகம் நனைந்து ஊதிவிட்டது. ஈரத் தாளில் பென்சில் வழுக்குகிறது. நாற்பத்தொரு வேகன் நம்பர், எல்லாம் மனசில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து எழுதினேன். ஒன்றும் தப்பவில்லை. இந்த வேலைக்கு வந்து கற்ற ஒரே வித்தை இதுதான்.

துறைமுகம் பக்கம் பருத்திப் பேல் கட்டின இரும்புப் பட்டைகள் குப்பையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து நிமிர்த்தினேன். நெட்டுக்குத்தாக நிறுத்திப் பார்த்தால் சின்னத் தண்டவாளம். அப்போது பிடித்தது. சாயங்காலம் வரை வேறு நினைப்பு இல்லை.

மேஸ்திரியிடம் கேட்டேன். "இன்னாத்துக்குபா?" என்றார். "கொடி கட்ட." "எட்த்துகினு போ, யாரு கேக்குறாங்க." முப்பத்தாறு வயசு ஆள் பொம்மை ரயில் கட்டப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

கரி போடும் ஃபயர்மேனாக இருந்த என்னை எஞ்சினை விட்டு இறக்கி இன்றோடு ஏழு மாதம்.

18 ஞாயிறு

மழை விட்டது. கூரை மூலையில் ஒழுகுகிறது, கீழே அண்டா.

யோசனை:

பலகை, 4 அடிக்கு 2½. பெரிசானால் சுவரில் சாய்க்க முடியாது, படுக்க இடம் இருக்காது.

சிலீப்பர், பேக்கிங் பெட்டிக் கட்டை. குறுக்கே ரம்பத்தால் இரண்டு கீறல், பட்டையை அதில் செருக வேண்டியதுதான்.

எஞ்சின் எங்கே கிடைக்கும் தெரியவில்லை. புதுசு வாங்க நமக்கு விதியில்லை. மூக்குப்பொடி போடுவதை நிறுத்தினால் மூர் மார்க்கெட்டில் பழசு ஏதாவது. (இன்றே நிறுத்தம்.)

கைகாட்டி மரம் நாலு. எப்படியும் வேண்டும். கைகாட்டி இல்லாத லைன் லைன் அல்ல.

வட்டமாகப் போட்டால் சுலபம், சாவி கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் செக்கு மாடு மாதிரி. எனக்கு வேண்டியது என் லைன். ராயபுரம் யார்டு, கொருக்குப்பேட்டை வளைவு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அதற்கப்பால் கழிமுகப் பாலம். அதை நாலடிக்குள் எப்படி மடக்குவது? காலண்டர் பின்பக்கம் பூராவும் கிறுக்கினேன். கடைசியில் லாடம் மாதிரி ஒரு வளைவு. ஒரு முனையில் ராயபுரம், மறுமுனையில் பாலம்.

பாக்கியம் எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா இது, பாம்பு படமா?"

"எண்ணூர் லைன்."

அண்டாவை மாற்றி வைத்தாள். எட்டு வருஷமாக என் பெண்டாட்டி. கேலி செய்வாள் என்று நினைத்தேன், செய்யவில்லை.

20 செவ்வாய்

தலைவலி. பொடி இல்லாத மூக்கு தேம்புகிறது.

வேலை முடிந்து வண்ணாரப்பேட்டை. காதர் பாய் கடை. தகர விளக்கு, புனல், எண்ணெய் அளவு எல்லாம் அடிப்பவர், என் தோஸ்து. படத்தைக் காட்டினேன். பாய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"மொதல்ல எஞ்சின வாங்கிகினு வா மாமு. சக்கரம் எவ்ளோ அகலமோ அவ்ளோ அகலந்தான் பட்டய வெக்கணும். நீ பட்டய வெச்சிட்டு எஞ்சினத் தேடுனா, வூடு கட்டிட்டு வாசல் தேடுற கத."

சரிதான். தலையில் இது கூட ஏறவில்லை, ஆசை கண்ணை மறைக்கிறது.

கூலி பற்றி பேச்செடுத்தேன். "போய்யா பேஜாரு. ரயிலு ஓடுனா எனுக்கு ஒரு டிக்கெட்டு குடு" என்றார்.

வரும் வழியில் ஐந்தரை கூட்ஸ் போயிற்று. ஊதலிலேயே தெரிந்தது, ஜோசப் டிரைவர்தான். இரண்டு சின்னது, ஒரு நீளம். எண்ணூர் தாண்டி இரண்டு பக்கமும் தண்ணீர் விரியும் இடத்தில் காற்று வந்து அடிக்கும். முன்னால் தீ, முதுகில் கடல் காற்று. ஆறு வருஷம் அந்த இடத்தில் தினம் நிமிர்ந்து நின்று மூச்சு விட்டிருக்கிறேன். இப்போது அங்கே வேறு ஒருவன் நிற்கிறான்.

22 வியாழன்

கண் பரீட்சையை மறுபடி வைக்கக் கேட்டு நான் போட்ட மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. மறு பரீட்சை. டிசம்பர் பத்தாம் தேதி, திங்கள், காலை பத்து மணி, கம்பெனி ஆஸ்பத்திரி.

மூன்று தடவை படித்தேன். பாக்கியத்திடம் படித்துக் காட்டினேன். "நல்லது" என்றாள். அவ்வளவுதான். அவளுக்குச் சந்தோஷம் இல்லையா?

இந்தக் கதையை இங்கே ஒரு தடவை எழுதி வைக்கிறேன், மனசு ஆறும். கண் பரீட்சை என்றால் கம்பளி நூல். மேஜை மேல் இருபது நூல்கண்டு. டாக்டர் ஒவ்வொன்றாகத் தொடுவார், நாம் நிறம் சொல்ல வேண்டும். எஞ்சின் துடைக்கச் சேர்ந்த காலத்தில் நூல் எப்போதும் ஒரே வரிசையில்தான் இருக்கும். உள்ளே போய் வந்தவன் வெளியே நிற்பவனுக்குச் சொல்வான். நானும் மனப்பாடமாகச் சொன்னேன். நிறம் தெரியாமல் அல்ல, எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். இந்தச் சித்திரையில் டிரைவர் வேலைக்குப் பரீட்சை. புது டாக்டர். நூலை எல்லாம் கலைத்துப் போட்டார். பச்சையும் சிவப்பும் உனக்கு ஒன்று என்றார். இனி எஞ்சினில் ஏறக்கூடாது என்று எழுதிவிட்டார்.

ஆறு வருஷம் கைகாட்டி பார்த்தவன். ஜோசப் வலப்பக்கம், நான் இடப்பக்கம். அவர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், அதுதான் முறை. ஒரு நாள் தப்பியதுண்டா? ஒரே ஒரு நாள், கொருக்குப்பேட்டை வளைவில். அங்கே கைகாட்டி ஃபயர்மேன் பக்கம்தான் முதலில் தெரியும். விடியற்காலை, பனி, கை தெரியவில்லை, விளக்கு மட்டும். நான் பச்சை என்றேன். ஜோசப் தாவி வந்து என் பக்கம் எட்டிப் பார்த்துப் பிரேக் போட்டார். என்மேல் நம்பிக்கை இல்லாமல் வீண் சந்தேகம். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைப் பார்த்தேன். பழைய பழக்கம். "இப்போ டாக்டரு மொத நாளே அடுக்கி வெச்சிடுறாரு. ஒன்பதாந் தேதி வா, வரிசய எழுதித் தர்றேன்" என்றார். நான் கேட்கவே இல்லை. கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு எதற்குப் போனேன்?

நிறம் எனக்குத் தெரியும். இது ஒரு காப்புக்குத்தான்.

25 ஞாயிறு

மூர் மார்க்கெட். மூன்று மணி நேரம் அலைச்சல். கால் முட்டி வலி.

கிடைத்தது. சீமைத் தகர எஞ்சின். சாவி இல்லை, சுருள்வில் அறுந்தது, பின் சக்கரம் ஒன்று ஆடுகிறது, புகைக்குழாய் நசுங்கல். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு நடந்துவிட்டேன். தெருக்கோடி வரை போனேன், கூப்பிடவில்லை. நானே திரும்பிப் போனேன். அவர் சிரித்தார், "வருவேன்னு தெரியும் நைனா, நீ எட்த்தப்பவே கண்ணுல தெரிஞ்சுது." பேரம் எனக்கு வராது.

திரும்பி வர டிராமுக்குக் காசு இல்லை. நடை. மடியில் எஞ்சின். வழியெல்லாம் கட்டை விரலால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே வந்தேன்.

பாக்கியம் கையில் வாங்கிப் பார்த்தாள். "கறுப்பு. நெசம் மாதிரியே கீது." அடுப்புச் சாம்பல் போட்டு அவளே துடைத்தாள். இன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது, கருவாட்டுக் குழம்பு.

28 புதன்

பாய் பழைய டைம்பீஸ் சுருள்வில்லை எடுத்துப் பொருத்திவிட்டார். சாவியும் அதனுடையதே. சிலீப்பர் அறுபத்திரண்டு அறுத்தாயிற்று. விரலில் இரண்டு இடத்தில் ரம்பம்.

முதல் ஓட்டம். ராயபுரத்தில் புறப்பட்டது. நேர் லைனில் நல்ல ஓட்டம். கொருக்குப்பேட்டை வளைவில் குப்புற விழுந்தது. மறுபடி விட்டேன். மறுபடி அங்கேயே. எட்டுத் தடவை.

"மெதுவா வுடேன்" என்றாள் பாக்கியம். சாவி எஞ்சினுக்கு மெதுவாக என்பதெல்லாம் கிடையாது என்றேன். எரிந்து விழுந்துவிட்டேன். பிறகு எனக்கே கஷ்டமாக இருந்தது. வெளிப் பட்டையை ஒரு நூல் அளவு உயர்த்திக் கட்டை கொடுத்தேன், நிஜ லைனில் அப்படித்தான். சிலீப்பரை நெருக்கிப் போட்டேன். ஒன்பதாம் தடவை போய்விட்டது. பாலம் வரை போய் நின்றது.

கண்ணில் நீர் வந்தது. பொடி இல்லாத மூக்குதான் என்று அவளிடம் சொன்னேன்.

1 டிசம்பர், சனி

தூறல். யார்டில் சேறு.

இன்று கைகாட்டி. மரம் நாலும் மூங்கில் சிம்பு. கையைப் பாய் தகரத்தில் வெட்டி, சிவப்புப் பெயிண்டும் அடித்தே கொடுத்துவிட்டார். கையைத் தூக்க இறக்கக் கம்பி. விளக்குக் கண்ணாடிக்கு என்ன செய்வது என்று ஒரு வாரம் மண்டை காய்ந்தது. பதில் வீட்டிலேயே இருந்தது. பாக்கியம் உடைந்த வளையல் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். நிஜக் கண்ணாடி, காசு செலவில்லை.

"செவப்பு நாலு, பச்ச நாலுதானே. நா பொறுக்கித் தர்றேன்" என்று டப்பாவை இழுத்தாள்.

"எனக்குக் கண் இல்லையா?" என்றேன். டப்பாவை விட்டுவிட்டாள்.

நானே பொறுக்கினேன். சிவப்பு மேலே, பச்சை கீழே. கலையாமல் இருக்கச் சிவப்பெல்லாம் நீளத் துண்டாகவும் பச்சையெல்லாம் குட்டையாகவும் எடுத்தேன். பார்சல் ஆபீஸ் அரக்கை உருக்கி ஒட்டினேன். ஒரு மரம் வளைவில், இடப்பக்கம், என் பக்கம்.

"எப்படி?" என்றேன்.

"நல்லாக்கீது" என்றாள். அடுப்படிக்குப் போனாள். சோறு குழைந்துவிட்டது இன்று.

2 ஞாயிறு

பாய் வீட்டுக்குப் போய், சாயங்காலம் திரும்பினேன். பலகையை எடுத்து வைத்தேன்.

ஏதோ மாறியிருக்கிறது.

வளைவு மரத்தில் நீளத் துண்டு கீழே இருக்கிறது. நான் மேலே வைத்தேன். திருவொற்றியூரில் அதே மாதிரி. எண்ணூரிலும். ராயபுரம் மட்டும் நான் வைத்தபடி. அரக்கு இரண்டாம் தடவை உருகிய அடையாளம், ஓரத்தில் விளக்குக் கரி.

"பாக்கியம், இதைத் தொட்டாயா?"

"தூசி தட்டுனேன்."

அவள் ஆள்காட்டி விரலில் கொப்புளம். பார்க்காதது போல இருந்தேன். மூன்று மரத்தை எதற்கு மாற்றினாள்? விளையாட்டுக்குச் செய்பவள் இல்லை. மூன்றை மாற்றியவள் நாலாவதை ஏன் விட்டாள்?

சாப்பிடவில்லை.

4 செவ்வாய்

விடியற்காலை அவள் குழாயடிக்குப் போனாள். கூட்டம் இருக்கும், அரை மணி ஆகும். அவள் வளையல் பெட்டியை இறக்கினேன். முழு வளையல் பன்னிரண்டு. இரண்டு வரிசையாகப் பாயில் வைத்தேன், இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் பச்சை. டாக்டர் இல்லை, அவசரம் இல்லை, ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து வைத்தேன்.

குடத்தோடு வந்தாள். பாயில் இருந்த வளையலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எத்தனை சரி?" என்றேன்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இங்கிருந்து மூன்று எடுத்து அங்கே வைத்தாள். அங்கிருந்து இரண்டு எடுத்து இங்கே வைத்தாள். கை ஈரம், பாயில் சொட்டியது.

பன்னிரண்டில் ஐந்து தப்பு.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"தலதீவாளிக்கு கிளிப்பச்ச பொடவ கேட்டேன். கடகடயா ஏறி எட்த்தாந்தே. அரக்குச் செவப்பு."

அந்தப் புடவை. எவ்வளவு பெருமையாகக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு எட்டு வருஷம் என் எதிரில் நடந்திருக்கிறாள்.

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா வேல பூடும்னு பயந்தேன். வேல பூட்டப்புறம், டாக்டரு மோசம் பண்ணிட்டான்னு சொல்லிகினு கீறியே, அதுவும் இல்லாங்காட்டி நீ இன்னா ஆவியோன்னு பயந்தேன்."

அவள்மேல் கோபப்பட முயன்றேன். வரவில்லை. யார்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். வேகன் நம்பர் இரண்டு தப்பு எழுதினேன், முதல் தடவை.

7 வெள்ளி

இரண்டு நாள் எழுதவில்லை. பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

ஆறு வருஷமும் யோசித்துப் பார்க்கிறேன். பகலில் கையைப் பார்த்தேன். கை நீட்டியிருந்தால் நில், இறங்கியிருந்தால் போ. அதற்கு நிறம் தேவையில்லை. இருட்டில் ஜோசப் முதலில் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். சிவப்பு என்றால் சிவப்பு. பச்சை என்றால் பச்சை. நானாகப் பார்த்துச் சொன்னது அந்த ஒரு நாள்தான்.

மத்தியானம் ஜோசப் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றது. போனேன். கீழே இறங்கி வந்து தோளில் கை போட்டார். கரி வாசனை. அப்படியே நின்றிருக்கலாம் போல இருந்தது.

"இன்னா முனுசாமி, எளச்சிட்டே. உன்ன மாதிரி கரி போடுற ஆளு வர்லபா இன்னும்."

"அண்ணே, அன்றைக்குக் கொருக்குப்பேட்டை வளைவில் பிரேக் போட்டீங்களே. விளக்கு என்ன நிறம்?"

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பனிபா. பனில யாருக்குத் தெரியும்."

"சொல்லுங்கண்ணே."

"செவப்பு." துணியை இடுப்பில் செருகிக்கொண்டே, "எதுத்தாப்ல பாசெஞ்சரு வண்டி நின்னுகினு இருந்துச்சி. ஜனங்க எறங்கி வெளில நின்னுகினு இருந்தாங்க. நீ பாக்கல."

புது டாக்டரிடம் என்னைப் பற்றிச் சொன்னது நீங்களா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன், கேட்கவில்லை. ஊதினார்கள், ஏறிப் போய்விட்டார்.

9 ஞாயிறு

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

கம்பவுண்டரிடம் போகக்கூடாது என்று நினைத்திருந்தேன். அவரே தெருமுனைக்கு வந்து மடித்த காகிதத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார். இருபது நிறம், வரிசையாக.

பிரிக்காமல் கிழித்திருக்க வேண்டும். பிரித்தேன். ஒரு தடவை பார்த்தேன், பதிந்துவிட்டது. நாற்பத்தொரு வேகன் நம்பர் மனசில் நிற்பவனுக்கு இருபது நிறம் எம்மாத்திரம்? காகிதத்தை அடுப்பில் போட்டேன். என்ன பிரயோசனம், தலைக்குள் இருப்பதை எந்த அடுப்பில் போடுவது.

நாளை பத்து மணிக்கு இருபதையும் சொல்லலாம். மறுநாள் எஞ்சின். ஜோசப் முதலில் சொல்லப் போகிறார், நான் திருப்பிச் சொல்லப் போகிறேன். ஆறு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. எண்ணூர்க் காற்று. முழங்காலில் தீயின் சூடு. பாலத்தில் சக்கரம் மாற்றிப் பேசும் சத்தம். வேண்டும். எனக்கு அது வேண்டும். எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

பாக்கியம் சலவைச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

10 திங்கள்

சட்டையைப் போட்டுக்கொண்டு எட்டரைக்குக் கிளம்பினேன். நடந்தேன். வாய் தானாக வரிசையைச் சொல்லிக்கொண்டே வந்தது.

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்தது. ஜோசப் கூட்ஸ் வந்தது. இடப்பக்கம் புதுப் பையன் உடம்பை வெளியே நீட்டி வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றான். கத்திச் சொன்னான், சத்தத்தில் என்னவென்று கேட்கவில்லை. அவனாகப் பார்த்துச் சொன்னான். அடுத்த லைனில் பாசெஞ்சர் நின்றிருந்தது. ஜன்னலோரம் ஒருத்தி பிள்ளைக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதன் பின்னால் இன்னொரு ஜன்னல், அதன் பின்னால் இன்னொன்று. எல்லாவற்றிலும் ஆள்.

கேட் திறந்தது. எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பத்து மணி அடித்தது. பாக்கியம் முறத்தைக் கீழே வைத்தாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பலகையைத் திருப்பி நடு வீட்டில் போட்டேன். அவள் வந்து வளைவு மரத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. அகல் விளக்கை மரத்துக்குப் பின்னால் வைத்தாள். அரக்குச் சிவப்புப் புடவை. அவள் சொன்னதால் தெரியும்.

எஞ்சினுக்குச் சாவி கொடுத்து விரலால் பிடித்துக்கொண்டேன்.

"செவப்பு" என்றாள்.

"செவப்பு" என்றேன்.

காத்திருந்தோம். கம்பியை இழுத்தாள். கை இறங்கியது.

"பச்ச."

"பச்ச" என்று திருப்பிச் சொல்லி, விரலை எடுத்தேன்.